அட்டைக் கட்டு

அந்தப் பெண் மாடிப்படி ஏறி வந்த சத்தத்திலேயே ஸப்ரான் முடிவு கட்டிவிட்டான், வருகிறவள் அழ வரவில்லை, சண்டை பிடிக்க வருகிறாள் என்று.

பண்டாரவளை மரக்கறிச் சந்தைக்குப் பின்புறம், ஒரு பேக்கரியின் மேல்மாடியில் இருந்தது ஜீவராணியின் துப்பறியும் அலுவலகம். ஒரு மேசை, மூன்று கதிரைகள், மழை நாளில் ஒழுகுகிற ஒரு மூலை. முன்பு காப்புறுதிக் கம்பனியொன்றில் பொய்க் கோரிக்கைகளைப் பிடிக்கும் வேலையில் இருந்தவள் ஜீவராணி. நாற்பதைத் தாண்டியவள். தேவைக்கு மேல் ஒரு சொல் பேசமாட்டாள். அந்தக் குறையைத் தீர்க்கத்தான் ஸப்ரான் இருந்தான். பதுளைக்காரன். உதவியாளனும் அவன்தான், முச்சக்கரவண்டிச் சாரதியும் அவன்தான். வாப்பாவின் துணிக்கடையில் வாடிக்கையாளரோடு வாயடித்தே வியாபாரத்தைக் கெடுத்தவன் என்று குடும்பத்தில் பெயர் வாங்கியிருந்தான்.

கதவைத் தட்டாமலே திறந்தாள் வந்தவள். இருபத்திரண்டு வயதிருக்கும். தலைமுடியிலிருந்து மழைநீர் சொட்டியது.

"துப்பறியிறவங்க யாரு?"

"துப்பு அவங்க. அறியிறது நான்," என்றான் ஸப்ரான்.

"உக்காரும்மா," என்றாள் ஜீவராணி.

அவள் உட்காரவில்லை. "எம் பேரு சுதர்ஷினிங்க. லுணுகலைப் பக்கம் தேயிலைத் தோட்டம். டவுன் பார்மசில வேலை பாக்குறேன். கீழ கல்யாண மண்டபத்துல இன்னிக்கு ஊவா மாகாண கார்ட் போட்டி. நான் ஃபைனலுக்கு வந்துட்டேன். மூணு மணிக்கு ஃபைனல். இப்ப என்னைக் கள்ளிங்கிறாங்க."

ஸப்ரான் நிமிர்ந்து உட்கார்ந்தான். "சீட்டா? காசு வச்சா?"

"சீட்டு இல்ல. ஏழு மண்டலம்."

அது என்னவென்று அவள் சொன்னதில் ஸப்ரானுக்குப் புரிந்தது இவ்வளவுதான். வெளிநாட்டிலிருந்து வந்த மாயாஜால விளையாட்டு. ஆளுக்கு அறுபது கார்ட் கொண்ட கட்டு. ட்ராகன், பனி, கடல், பேய், சதுப்பு என்பது போல ஏழு மண்டலங்கள். தொடங்கும்போது ஆளுக்கு இருபது உயிர். எதிராளியின் உயிரை முழுக்கப் பறித்தவர் வென்றவர். எந்தக் கார்டுகளைச் சேர்த்துக் கட்டை அமைக்கிறோம் என்பதில்தான் பாதி ஆட்டம். வெல்கிறவர் கொழும்பில் நடக்கும் தேசியப் போட்டிக்குப் போகலாம்.

"சரி. கள்ளத்தனம்னு சொல்றாங்களே, அது என்ன?" என்று கேட்டாள் ஜீவராணி.

"ஃபைனலுக்கு வந்த ரெண்டு பேரோட கட்டையும் சாப்பாட்டு நேரத்துல பக்கத்து அறையில வாங்கி வச்சாங்க. பிறகு நடுவர் றிப்கா மிஸ் செக் பண்ணுனாங்க. என்னோட மூணு கார்ட்டு உறை ஓரத்துல நகத்தால கீறுன மாதிரி அடையாளம் இருக்காம். கட்டுக்குள்ள எது எங்க இருக்குன்னு தடவியே கண்டுபிடிக்கறதுக்கு நானே கீறி வச்சிருக்கேன்னு சொல்றாங்க." அவள் மூச்சை இழுத்துவிட்டாள். "போட்டி நடத்துற நிமலன் சேர் என்னைத் தனியா கூப்பிட்டு, சுகமில்லைன்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போயிரு, வெளிய யாருக்கும் தெரியாமப் பாத்துக்கறேன்னாரு."

"நீ என்ன சொன்ன?"

"சுகமாத்தான் இருக்கேன்னு சொன்னேன்."

ஜீவராணி குடையை எடுத்தாள். அவளுக்கு ஒருவரைப் பிடித்துப்போனால் குடையைத்தான் முதலில் எடுப்பாள் என்பது ஸப்ரானுக்குத் தெரியும்.

மண்டபத்துக்கு ஐந்து நிமிட ஓட்டம்தான். ஆனால் மழையில் சந்தைத் தெரு லொறிகளால் அடைபட்டுக் கிடந்தது. பின்சீட்டில் ஜீவராணி கேட்டாள். "உன்னோட கட்டு எந்த மண்டலம்?"

"சதுப்பு. முழுக்க அட்டை."

"எல்லாமே அட்டைதானே தங்கச்சி," என்றான் ஸப்ரான் கண்ணாடியில் பார்த்து.

"அந்த அட்டை இல்ல. ரத்தம் குடிக்கிற அட்டை."

ஸப்ரான் பிரேக்கை மிதித்தான். முன்னால் லொறி நின்றதும் ஒரு காரணம்.

அவள் கதை சொன்னாள். உயர்தரம் படிக்கப் பண்டாரவளைக்கு வந்தபோது, தோட்டத்துப் பிள்ளைகளின் காலில் இருந்த தழும்புகளைப் பார்த்து வகுப்பில் அவர்களுக்கு வைத்த பெயர் அட்டைக்கடி. முதன்முதலாக இந்த விளையாட்டைப் பார்க்கப் போன நாளில், கடையில் புதுக் கார்ட் பக்கற் உடைத்த பையன்கள் ட்ராகனை வைத்துக்கொண்டு மற்றதைக் குப்பைத் தொட்டியில் போட்டார்கள். அவள் குனிந்து ஒன்றை எடுத்துப் பார்த்தாள். சேற்று அட்டை. எதிராளியிடம் ஒரே ஒரு உயிரை எடுக்கும், அவ்வளவுதான். எடுத்து வைத்துக்கொண்டாள். பிறகு போகும்போதெல்லாம் தொட்டியைக் கிளறினாள். புல் அட்டை, காட்டு அட்டை, ஓடை அட்டை.

"ஒரு அட்டை கடிச்சா யாரும் கவனிக்க மாட்டாங்க அண்ணே. தட்டிவிட்டுட்டு நடப்பாங்க. நூறு அட்டை ஏறுனா? அப்பிடித்தான் இந்தக் கட்டை அமைச்சேன். ரெண்டு வருசம் தோத்துக்கிட்டே அமைச்சேன்."

"பேரு வச்சவங்க யாராச்சும் இப்ப விளையாடுறாங்களா?" என்று கேட்டான் ஸப்ரான்.

"ஒருத்தன் காலிறுதிக்கு வந்தான். அவனை நான்தான் வெளிய அனுப்புனேன்."

ஸப்ரான் ஹோர்னை இரண்டு தரம் அடித்தான். லொறிக்காகத்தான் என்று சொல்லிக்கொண்டான்.

மண்டப வாசலில் தேநீர் விற்றுக்கொண்டிருந்தாள் தனலெட்சுமி. பக்கத்து அறையின் கதவு அவளுடைய மேசைக்கு நேர் எதிரே இருந்தது. ஜீவராணி மூன்று பிளேன்டீ சொன்னாள். இரண்டு மிடறு குடித்தாள். பிறகுதான் கேட்டாள்.

"சாப்பாட்டு நேரத்துல இந்த அறைக்குள்ள யாரு போனதுக்கா?"

"அந்த நடுவர் பிள்ள போனிச்சு. நிமலன் ஐயா ரெண்டு மூணு தரம் போய் வந்தாரு, மண்டபமே அவர் எடுத்ததுதானே. பொறகு அந்தப் பையன், சிவப்பு ஜெக்கட்."

"ஸரூக்," என்றாள் சுதர்ஷினி. "ஃபைனல்ல எனக்கு எதிரா விளையாடுறவன். ட்ராகன் கட்டு."

தனலெட்சுமி குரலைத் தாழ்த்தினாள். "கதவோரமா குனிஞ்சுக்கிட்டு போன்ல பேசினிச்சு. 'உம்மா, அட்டையை எடுத்துட்டேன். யாரும் பாக்கல்ல.' இதைத்தான் சொன்னிச்சு. என் காதால கேட்டேன்."

ஸப்ரான் கோப்பையை வைத்தான். "கேஸ் முடிஞ்சுது. அக்கா, பிளேன்டீ ஆறுறதுக்கு முன்ன கண்டுபிடிச்சது இதுதான் முதல் தரம்."

"குடிச்சு முடி," என்றாள் ஜீவராணி.

ஸரூக் மண்டபத்தின் கடைசி வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தான். பத்தொன்பது வயது. பதுளையில் பாத்திரக்கடை வைத்திருப்பவரின் மகன். நல்ல சப்பாத்து, அதில் காய்ந்த சேறு. ஸப்ரான் நேரே போய் அவனுக்கு முன்னால் நின்றான்.

"எடுத்த அட்டை எங்க தம்பி?"

அவன் முகம் வெளிறியது. "யார் சொன்ன?"

"எடுத்ததா இல்லையா?"

"எடுத்தேன். டொய்லட்ல போட்டு தண்ணி ஊத்திட்டேன்."

ஸப்ரான் வெற்றியோடு திரும்பிப் பார்த்தான். ஜீவராணி பையனின் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "காற்சட்டையைக் கொஞ்சம் மேல இழு தம்பி."

அவன் தயங்கி இழுத்தான். கெண்டைக்காலில் சுற்றியிருந்த வெள்ளைத் துணி முழுக்கச் சிவந்திருந்தது. இரத்தம் சப்பாத்து வரைக்கும் இறங்கியிருந்தது.

"ஹாலிஎலைக்கு இங்கால மண் சரிஞ்சு ரோட் மூடிப் போச்சு," என்றான் ஸரூக் தலையைக் குனிந்தபடி. "வேனை விட்டு இறங்கி தேயிலைக்குள்ளால நடந்து வந்து வேற பஸ் பிடிச்சேன். பகல் சாப்பிடக்குள்ளதான் பாத்தேன், கால்ல இவ்வளவு பெரிசா தொங்குது. அந்த அறையில முதலுதவிப் பெட்டி இருக்கு எண்டாங்க. போய்ப் பிடுங்கினேன். உம்மா பயந்துட்டாங்க. சிரிப்பாங்க எண்டு யாருக்கும் சொல்லல்ல." அவன் சுதர்ஷினியைப் பார்த்தான். "அதுவும் இவங்களுக்கு முன்னால."

சுதர்ஷினியின் உதட்டோரம் துடித்தது. சிரிக்கவில்லை. "உப்புப் போட்டிருந்தா தானா விழுந்திருக்கும். பிச்சதாலதான் நிக்காம ஓடுது," என்றாள்.

ஜீவராணி அவனுடைய விரல்களைத் திருப்பிப் பார்த்தாள். நகக்கண்ணிலெல்லாம் இரத்தம் காய்ந்திருந்தது. "உன்னோட கார்ட் உறை என்ன நிறம் சுதர்ஷினி?"

"வெள்ளை. பின்பக்கம் சுத்த வெள்ளை."

"அதுல ரத்தக்கறை இருந்துச்சுன்னு நடுவர் சொன்னாங்களா?"

"இல்ல."

"அப்ப இவன் தொடல."

ஸரூக் எழுந்து நின்றான். "நான் ஏன் தொடணும்? இவங்க விலகினா எனக்கு விளையாடாமலே கப் தருவாங்களாம். நிமலன் சேர் சொன்னார். எனக்கு அப்பிடி வேணாம். அரையிறுதியில இவங்க விளையாடினதைப் பாத்ததில இருந்து எப்பிடித் தடுக்கிறது எண்டுதான் யோசிச்சிட்டு இருக்கேன். சோறும் இறங்கல்ல."

ஸப்ரானுக்கு முதன்முறையாக அந்தப் பையனைப் பிடித்துப்போனது. தன் வாதம் கவிழ்ந்துவிட்டதை மறைக்க, "அட்டை விசயத்தில நான் சொன்னது சரிதானே. அட்டைதான் எடுத்திருக்கான்," என்றான். யாரும் காதில் வாங்கவில்லை.

நடுவர் றிப்கா வெலிமடைப் பக்கத்துப் பாடசாலையொன்றில் கணிதம் படிப்பிப்பவள். மேசைமேல் சுதர்ஷினியின் கட்டு மூடிய பெட்டியில் இருந்தது. அதில் கைவைக்க யாரையும் அவள் விடவில்லை. அது ஸப்ரானுக்கு எரிச்சலாகவும் ஜீவராணிக்குத் திருப்தியாகவும் இருந்தது.

"நீங்களே எடுத்துக் காட்டுங்க மிஸ்," என்றாள் ஜீவராணி. "அடையாளம் உள்ள மூணை மட்டும்."

றிப்கா மூன்று கார்டுகளை நிமிர்த்தி வைத்தாள். பொன் ட்ராகன், பனிச் சிங்கம், கடல் பூதம். மூன்றும் ஓரம் மினுங்கும் பெரிய சாமான்கள். உறையின் வலப்பக்க விளிம்பில் நகம் பதிந்த சின்னக் கீறல்.

"அட்டைக் கட்டுல இந்தப் பெரிய மனுசங்களுக்கு என்ன வேலை?" என்று கேட்டான் ஸப்ரான்.

"தீனி," என்றாள் சுதர்ஷினி. "கையில வந்தா எனக்கு ஒண்ணுத்துக்கும் உதவாது. மேசைல இறக்க அதது மண்டலத்து சக்தி வேணும், அது என்கிட்ட இல்ல. ஆனா கட்டுலயிருந்து நேரா கழிவுக் குவியலுக்குப் போனா, அந்த ஒவ்வொரு பெரிய பிராணிக்கும் அஞ்சு அட்டை குட்டி போடும். அதுக்குத்தான் வச்சிருக்கேன். நாலு இருக்கு. இந்த மூணு, பொறகு சூரிய ராணி. எல்லாம் பக்கற்ல எனக்கே விழுந்தது. விக்கச் சொல்லி எத்தனையோ பேர் கேட்டாங்க."

"யாரு?"

"நெறையப் பேர். நிமலன் சேர் மூணு தரம் கேட்டாரு. ராணியை அட்டைக்குப் போடறதப் பாக்கச் சகிக்கலன்னாரு."

ஜீவராணி கார்டுகளைத் தொடாமல் குனிந்து பார்த்தாள். "நீ கள்ளவேலை செய்யறதுன்னா எதைக் கீறுவ?"

சுதர்ஷினி கொஞ்சமும் யோசிக்கவில்லை. "ஊறும் குளம். கட்டுலயிருந்து நாலு கார்டைக் கழிவுக் குவியலுக்குத் தள்ளுறது அதுதான். அது ஆரம்பத்துல கையில வந்தா நான் பாதி ஜெயிச்ச மாதிரி. அதுல ஒரு கீறலும் இல்ல, மிஸ்கிட்ட கேட்டுப் பாருங்க."

றிப்கா தலையசைத்தாள். ஸப்ரானுக்கு மெல்ல வெளிச்சமானது. சமையலறைக்குள் புகுந்த கள்வன் அரிசியை விட்டுவிட்டு விறகில் அடையாளம் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். விலையைப் பார்த்துக் கீறியிருக்கிறார்கள், ஆட்டத்தைப் பார்த்து அல்ல. இந்தக் கட்டை அமைத்தவளுக்கு எது முக்கியம் என்று தெரியாத ஒருவரின் நகம் அது.

"இது போதுமா அக்கா?" என்று கேட்டான்.

"எனக்குப் போதும். அவங்களுக்குப் போதாது. தொல்லையான கார்டைத் தெரிஞ்சுக்கக் கீறினான்னு ஒரு பதில் சொல்லிரலாம்." அவள் றிப்காவிடம் திரும்பினாள். "கட்டைச் சோதிக்கணும்னு யாரு சொன்னது மிஸ்? வழக்கமா செய்யறதா?"

"இல்ல. நிமலன் சேர்தான், ஃபைனலாச்சே, ஒருக்கா பாத்துருவோம்னார்."

"எந்த மூணு கார்ட்டுன்னு அவருக்குச் சொன்னீங்களா?"

"பேர் சொல்லல்ல. மூணுல அடையாளம் இருக்குன்னு மட்டும்தான் சொன்னேன்."

ஜீவராணி கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். "அவரைக் கூப்பிடுங்க. எல்லாருக்கும் முன்னால பேசுவோம்."

நிமலன் இஸ்திரி போட்ட நீலச் சட்டையில் வந்தார். ஐம்பது வயது இருக்கலாம். பண்டாரவளைப் பிரதான வீதியில் விளையாட்டுக் கடை வைத்திருப்பவர். ஊவாவுக்கு இந்த விளையாட்டைக் கொண்டுவந்தவர் என்று மண்டபத்துப் பெனரிலேயே போட்டிருந்தது. பையன்கள் பெண்கள் என்று நாற்பது ஐம்பது பேர் மேசையைச் சுற்றி நெருங்கினார்கள்.

"துப்பறியிறவங்களை எல்லாம் கொண்டுவந்து ஏன் இதைப் பெரிசு பண்றீங்க?" என்றார் அமைதியாக. "அந்தப் பிள்ளையோட நன்மைக்குத்தான் விலகச் சொன்னேன்."

"நன்மை வேண்டாம் சேர்," என்றாள் சுதர்ஷினி. "நியாயம் போதும்."

ஜீவராணி மேசைமேல் கை ஊன்றினாள். "நிமலன் சேர், இதைச் செஞ்சது சுதர்ஷினி இல்ல. இந்த விளையாட்டே தெரியாத ஒருத்தர்."

"அப்பிடியா?"

"ஆமா. கீறல் விழுந்தது எல்லாம் இந்தக் கட்டுக்கு உதவாத கார்ட். செஞ்சவருக்கு விலை தெரியும், விளையாடத் தெரியாது. ஒரு சின்னப் பொண்ணு எப்படிக் கட்டை அமைச்சிருக்கான்னு முன்னால உட்கார்ந்து பாத்தும் விளங்காத ஆள். கார்ட் பெட்டி விக்கிற வியாபாரியா இருக்கலாம். ஏழு மண்டலத்துல அரிச்சுவடி தெரியாதவர்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். நிமலனின் காது சிவந்தது. ஸப்ரான் வாயைத் திறக்கப் போனான். ஜீவராணியின் முழங்கை அவன் விலாவில் பட்டது.

"பன்னிரண்டு வருசமா இந்த விளையாட்டுல இருக்கேன்," என்றார் நிமலன். "எனக்கு முன்னால நின்னு உதவாத கார்ட்டுங்கறீங்க. ட்ராகன் உதவாது, சரி. சிங்கம் உதவாது, சரி. ராணியுமா உதவாது? சூரிய ராணி ஒரு கட்டுல இருந்தா அதைக் கீறி வைக்க ஆசைப்படாத கள்ளன் உண்டா?"

றிப்கா மேசைமேல் இருந்த மூன்று கார்டுகளையும் மறுபடி பார்த்தாள்.

றிப்கா நிமிர்ந்தாள். "சேர். ராணியில நான் அடையாளம் ஒண்ணும் காணல்லையே."



அவள் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகப் புரட்டி சூரிய ராணியை எடுத்தாள். விளிம்பில் விரலை ஓட்டினாள். தலையை அசைத்தாள். பிறகு எழுந்து ஜன்னலருகே போய்ச் சரித்துப் பிடித்தாள். மழை வெளிச்சத்தில் வெள்ளை உறையின் மேல் மூலையில் ஒரு மெல்லிய கோடு தெரிந்தது. மற்ற மூன்றைப் போல ஆழமில்லை. மனமில்லாமல் கீறியது போல இருந்தது.

"இருக்கு," என்றாள் அவள். "எனக்கே தெரியாது. உங்களுக்கு எப்படித் தெரியும் சேர்?"

ஸப்ரான் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். ஓடப்போகிறார் என்று நினைத்துக் கதவை மறித்து நின்றான். நிமலன் ஓடவில்லை. பக்கத்துக் கதிரையை இழுத்து உட்கார்ந்தார்.

"கடையில ட்ராகன் பெட்டி தேங்கிப்போகும்னா இப்படிச் செஞ்சீங்க சேர்?" என்று கேட்டாள் ஜீவராணி. "குப்பைத் தொட்டியிலிருந்து எடுத்த கட்டு ஜெயிச்சா யாரு வாங்குவாங்கன்னா?"

"பெட்டி கிடக்கட்டும்." அவர் குரல் மாறியிருந்தது. கடைப் பேச்சு கழன்று விழுந்து, அதற்குள்ளிருந்து வேறொரு பேச்சு வெளியே வந்தது. "நானும் தோட்டத்து லயத்துல பொறந்தவன்தான். ஒங்க யாருக்காச்சும் தெரியுமா? அப்புத்தளைக்கு அங்கிட்டு. எங்கப்பா விடியக்காலம் பெரட்டுக் களத்துல நின்னு வேலைக்குப் பேர் குடுத்துட்டு மலைக்குப் போனவரு. என்னையும் அட்டைக்கடின்னுதான் கூப்பிட்டாங்க. அதைக் கழுவி எறிஞ்சுட்டு இந்த வீதியில கடை போட எவ்வளவு பாடுபட்டிருப்பேன்? ட்ராகன், ராணி, மாளிகை, அதுக்குள்ளதான் நான் ஓடி வந்தேன். இவ அந்த அட்டையையே கொண்டாந்து மேசையில போடுறா. ராணியைத் தூக்கி அதுக்குத் தீனியா போடுறா. நாளைக்குக் கொழும்புல எல்லாரும் பாத்து என்ன சொல்லுவாங்க? தோட்டத்தான் வந்துட்டான், அட்டையைக் கூட்டிட்டு வந்துட்டான்னு சொல்ல மாட்டாங்களா?"

ஸப்ரானுக்கு ஒரு நகைச்சுவை வாய்வரை வந்தது. அதை விழுங்கினான்.

சுதர்ஷினி அவருக்கு நேராக வந்து நின்றாள். அவள் கோபப்படுவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். கோபம் இருந்தது. ஆனால் குரல் உயரவில்லை.

"சொல்லட்டும் சேர். சொல்றதுக்கு முன்னாடியே நான் பேரு வச்சுட்டேன். நீங்க கழுவினது உங்க இஷ்டம். என் மேல தண்ணி ஊத்தாதீங்க."



"இப்ப மைக்கைப் பிடிச்சு நீங்களே சொல்லுங்க," என்றாள் ஜீவராணி. "கள்ளின்னு பேரு வந்தது எல்லாருக்கும் முன்னால. போறதும் அப்பிடியே போகணும்."

நிமலன் மேடைக்குப் போனார். இரண்டே வாக்கியம் சொன்னார். சுதர்ஷினியின் கார்டுகளில் கீறியது நான். அந்தப் பிள்ளை மேல் ஒரு பிழையும் இல்லை. மைக்கை வைத்துவிட்டு மழைக்குள் இறங்கி நடந்தார். குடையை மறந்துவிட்டிருந்தார். யாரும் கூப்பிடவில்லை.

றிப்கா மேசைக்குப் பின்னால் கைகளைப் பிசைந்துகொண்டு நின்றாள். நடுவராக அவளுக்கு இது முதல் வருடம். "இண்டைக்கு எல்லாரும் குழம்பிட்டோம். ரெண்டு பேரையும் வெற்றியாளர்னு அறிவிச்சுட்டா என்ன? ரெண்டு பேரும் கொழும்புக்குப் போகலாம். நான் கதைச்சு எடுத்துத் தாறேன்."

நல்ல வழியாகத்தான் ஸப்ரானுக்குப் பட்டது. நாலு மணிக்குப் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் ஒரு ஹயரும் அவனுக்கு இருந்தது. பக்கத்தில் நின்றவர்களும் தலையாட்டினார்கள்.

"இல்ல மிஸ்," என்றாள் சுதர்ஷினி. "பாதி கப் தந்தா மீதிப் பாதி சந்தேகம்னு ஆகிரும். நான் விளையாடத்தான் வந்தேன்."

"நானும்," என்றான் ஸரூக். கால் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டே முன்னால் நொண்டி வந்தான். "ஆனா சொல்லிட்டேன், நான் விட்டுத்தர மாட்டேன்."

"விட்டுத்தந்தா எழும்பிப் போயிருவேன்," என்றாள் அவள்.

றிப்கா புதிய உறைகளைப் பிரித்தாள். இருவரின் கார்டுகளையும் எல்லோர் முன்னிலையிலும் மாற்றினாள். ஸரூக்கின் உறையையும் ஏன் மாற்ற வேண்டும் என்று ஒருவன் கேட்டதற்கு, ஒருவருக்குச் செய்தால் மற்றவருக்கும் செய்வதுதான் நியாயம் என்றாள். இம்முறை அவள் குரலில் தடுமாற்றம் இல்லை.

மூன்று ஆட்டங்களில் இரண்டை வெல்ல வேண்டும். முதல் ஆட்டத்தில் ஸரூக் சொன்னது போலவே விட்டுத்தரவில்லை. அவன் ட்ராகன்கள் வரிசையாக இறங்கி அட்டைகளை முளைக்கும் முன்பே எரித்தன. சீக்கிரமே முடிந்துவிட்டது. கூட்டத்தில் ஒருவன், "அட்டைக்கு நெருப்பு ஆகாது," என்றான். சுதர்ஷினி அவன் பக்கம் திரும்பவே இல்லை. கார்டுகளை அள்ளிக் கலைத்தாள்.

இரண்டாவதில் ஊறும் குளம் ஆரம்பத்திலேயே வந்தது. பனிச் சிங்கம் குவியலுக்குப் போயிற்று. மேசை முழுக்க அட்டைகள். ஸரூக்குக்கு ஒவ்வொரு முறையும் ஒரு உயிர், இரண்டு உயிர் என்று கசிந்தது. ஒரு கணமும் பெரிய அடி விழவில்லை, ஆனாலும் அவன் முடிந்துபோனான்.

மூன்றாவது ஆட்டத்தின் நடுவில் ஸப்ரான் தன்னையறியாமல் கதிரை மேல் ஏறி நின்றுகொண்டிருந்தான். பாடசாலை ஹயர்காரர் இரண்டு தரம் அழைத்தார். அவன் எடுக்கவில்லை. ஜீவராணி சுவரோரம் கைகட்டி நின்றாள். அவளும் கண்ணிமைக்கவில்லை என்பதை அவன் பார்த்தான்.

சுதர்ஷினிக்கு இரண்டு உயிர் மிச்சம். ஸரூக்குக்கு ஆறு. அவன் பொன் ட்ராகனை இறக்கினான். அடுத்த முறை அது அடித்தால் அவள் முடிந்தாள். அவள் கட்டின் மேல் கையை வைத்தாள். பிறகு குளத்தை இறக்கினாள், கட்டின் மேலிருந்து நான்கு கார்டுகளைக் குவியலுக்குத் திருப்பினாள். புல் அட்டை. சேற்று அட்டை. சேற்று அட்டை. நான்காவது திரும்பியபோது அதன் ஓரம் மினுங்கியது.

சூரிய ராணி.

"அஞ்சு குட்டி," என்றாள். ஏற்கெனவே மேசையில் இருந்தது ஒன்று. எல்லாவற்றையும் விரலால் முன்னே தள்ளினாள். ஆறு.

ஸரூக் மேசையைப் பார்த்தான். ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தான். பிறகு தன் கார்டுகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து கையை நீட்டினான். "கொழும்பில எல்லாரும் ட்ராகனோடதான் வருவாங்க," என்றான். "இதே மாதிரி விளையாடுங்க."

மண்டபத்தில் எழுந்த சத்தத்தில் மழை கேட்கவில்லை. கூட்டம் கலைந்தபோது இரண்டு மூன்று பேர் தங்கள் பைகளைக் கிண்டி, தூக்கியெறியாமல் விட்டுப்போன சதுப்புக் கார்ட் ஏதாவது இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தார்கள்.

ஸப்ரான் சுதர்ஷினியை லுணுகலை பஸ்ஸில் ஏற்றிவிட முச்சக்கரவண்டியில் கூட்டிப்போனான். மழை விட்டிருந்தது. ஜீவராணி பின்சீட்டில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடியிருந்தாள். கப்பை மடியில் வைத்திருந்த சுதர்ஷினியின் போன் அடித்தது. தோட்டத்தில் சிக்னல் கிடைக்கும் ஒரே மேட்டில் ஏறி நின்று அவளுடைய அம்மா பேசினாள். சத்தமாகப் பேசியதால் எல்லோருக்கும் கேட்டது.

"என்னமோ கள்ளத்தனம்னு யாரோ போன்ல படம் போட்டிருக்காங்களாமே. விட்டுட்டு வந்துட்டியோன்னு இருந்தேன். என்னடி ஆச்சு?"

"விட்டுட்டு வரலம்மா. விளையாடுனேன்."

"ஜெயிச்சியா?"

"முதல்ல விட்டுக்குடுக்காம நின்னேன். அதுக்கப்புறம்தான்மா ஜெயிச்சேன்," என்றாள் அவள்.